அக்காவின் கன்னத்திலும் அதே வெள்ளை

அன்புள்ள மாமா,

செத்துப்போய்ப் படத்தில் மாலை ஏறியவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

நேற்று கடலூர் முதுநகருக்குப் போயிருந்தேன், நீங்கள் தனியாக விட்டுவிட்டுப் போன என் அக்காவைப் பார்க்க. காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாள். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் இடத்தில், கட்டைவிரல் நகமளவு வெள்ளை. சுத்தமான துணியால் துடைத்தும் போகவில்லை. நடுவில் இரண்டு மூன்று சிவப்புப் பொட்டு. அந்தச் சிவப்புதான் எனக்குப் பயம்.

சுண்ணாம்பு சுட்டுவிட்டது, தேங்காயெண்ணெய் தடவுகிறேன் என்றாள். சுண்ணாம்பு சுட்டதென்றால் உரிந்து ஆறியிருக்க வேண்டாமா? அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மாதமாக வெற்றிலையே தொடவில்லை என்று அவளேதான் சொன்னாள்.

சிதம்பரத்துக்கு வா, நான் வேலை பார்க்கும் லேப்பில் ஒரு சின்னச் சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்க மாமா வாயில கத்திய வெக்கச் சொன்னவன் நீதான். ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சி, அதுக்கப்புறந்தான் பரவுச்சி. என்னையும் அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லி வைத்தது நீங்கள்தானே?

உங்கள் கன்னத்து வெள்ளையிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றியவன் நான். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அடி வரிசையோடு நிற்க வேண்டிய கருத்த செல்கள் பாதி உயரம்வரை ஏறி, சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கு கெட்டுக் கிடந்தன. ஆனால் அடியில் இருக்கும் கோடு உடையவில்லை. அதைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் புற்றுநோய், இப்போதே வெட்டி எடுத்துப் புகையிலையையும் விட்டால் தப்பிக்க நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார்.

அந்த ரிப்போர்ட்டோடு ஓடி வந்தேன். ஷிப்ட் முடிந்து சிப்காட் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தீர்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள்.

"வலியே இல்லடா மச்சான். வலிக்காததுக்கு எதுக்கு ஆபரேஷன்? அக்காகிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கறேன், நீயும் அப்படியே சொல்லு. தாங்க மாட்டா அவ." சரி என்று நானும் தலையாட்டினேன்.

கெமிக்கல் கம்பெனி வாடைக்கு இது இல்லாமல் முடியாது என்று, என் கண்ணெதிரிலேயே ஒரு சிட்டிகை புகையிலை எடுத்துக் கன்னத்தில் அடக்கினீர்கள். துண்டெடுத்த புண்கூடச் சரியாக ஆறவில்லை.

ஒன்றரை வருஷம் மாமா. எத்தனை தடவை போன் செய்தேன்? ஒரு நாளாவது பயம் வரவில்லையா? கடைசியில் வந்தபோது உங்களால் வாயைத் திறக்க முடியவில்லை. இரண்டாவது துண்டில் அந்தக் கோட்டை நான் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

என் மேலும் கோபம்தான். காரியத்தன்று கத்தி பட்டால் பரவும் என்று உங்கள் ஆட்கள் என் காதுபடவே பேசினார்கள். செத்தவர் பேரைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அக்கா அதைத்தான் நம்பினாள். இன்று கத்தி என்றாலே நடுங்குகிறாள்.

எல்லா வெள்ளையும் புற்றாகிவிடாது. அவளுடையது எந்த வகை என்று பார்க்காமல் எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அதனால் உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் ரிப்போர்ட்டின் நகலோடு போய், ஒரு வரி விடாமல் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பேன், நானும் கூட்டு என்பேன். உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவாள், என்னை வாசலோடு போகச் சொல்வாள். அன்றே வராவிட்டால் மறுநாளும் போவேன். அவளைக் கூட்டிக்கொண்டு வராமல் விடமாட்டேன். திட்டட்டும் மாமா. உயிரோடு இருந்து நம் இரண்டு பேரையும் ஆயுசுக்கும் திட்டட்டும்.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்ட மச்சான்,
பாலு