மூடி என்ன நிறம், அத்தை?

அத்தை,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் உட்கார்ந்தால் யாழினி மடியில் ஏறிக்கொள்கிறாள். உங்கள் பிள்ளை விழித்திருந்தால் இதை எழுதவே முடியாது. இப்போதுதான் உங்கள் பேத்திக்கு நெபுலைசர் வைத்து முடித்தேன். கன்னத்தில் மாஸ்க் பதிந்த தடத்தோடு தூங்குகிறாள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுகிறது. அது விழாமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

என் விரலெல்லாம் தைல வாசனை. சாயந்திரத்திலிருந்து உங்கள் பின் அறையில் உட்கார்ந்து தைல டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாகி எத்தனையோ காலமானவை, மூடியைத் திருகினால் இன்னும் சுள்ளென்று மூக்கில் ஏறுகிறது. அதே விரலால் கண்ணைத் துடைத்துவிட்டேன். இன்னும் எரிகிறது.

நாளைக்குப் போகி. இந்த முறை எதையும் கொளுத்தப் போவதில்லை, புகை அவளுக்கு ஆகாது. பழைய சாமான் எடுப்பவர் காலை ஆறு மணிக்கு வண்டியோடு வருகிறார். அறை முழுக்கக் காலியாக வேண்டும் என்று குழந்தைகள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “அவ்ளோ தூசிய வூட்டுல வெச்சிக்கிட்டு மருந்து குடுத்தா எப்படிம்மா நிக்கும்?” என்றார். அந்த அறைக்கும் நாங்கள் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பழைய புடவைதான் திரை. உங்களுக்குத் தெரியாததா.

கழுவிக் காயவைத்துக் கட்டிய பால் கவர்கள், ஸ்வீட் பெட்டிகள், தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஜிப் போன கைப்பைகள். எதைத் தொட்டாலும் “இருக்கட்டும், எடத்தயா கேக்குது?” என்பீர்கள். கேட்கத்தான் செய்தது அத்தை. கடைசியில் உங்கள் கட்டிலையே எடுத்து வெளியே போட வேண்டியதாயிற்று.

உங்களுக்குப் பிறவியிலேயே அந்தக் குணம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த அறையில் ஒரு கட்டிலும் இரண்டு நெல்மூட்டையும் உங்கள் துணிப்பெட்டியும்தான் இருந்தன. காலை வெயில் சுவர்வரைக்கும் தடையில்லாமல் போகும். அதை நிரப்பியது நான்.

யாழினி பிறந்து ஒன்பதாம் நாள், வில்லியனூரில் என் அம்மா வீட்டில், அவளுடைய தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. பார்க்க வந்திருந்த நீங்கள் கை நீட்டினீர்கள். “எங்கிட்ட குடு கவி. மொத பொறந்தநாளுக்கு வெள்ளித் தாயத்துல அடைச்சி இடுப்புல கட்டிடலாம். நாளைக்குச் சளி, இழுப்புன்னு வந்தா ஒரு ஒரசு ஒரசிப் பால்ல குடுத்தாப் போதும்.” நான் பி.எஸ்சி. படித்தவள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு பாகூருக்கு, நம் வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே போகி. வீட்டைப் பளிச்சென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த காலி டப்பா, துருப்பிடித்த டப்பா எல்லாவற்றையும் சாக்கில் வாரிக்கொண்டு போய்த் தெருவில் எரிந்த நெருப்பில் கொட்டினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை.

அன்று சாயந்திரம் கேட்டீர்கள். “படத்துக்குப் பின்னாடி தைல டப்பா ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா? கொழந்த கொடிய அதுலதான் வெச்சிருந்தேன்.”

“பாக்கலியே அத்தை” என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துச் சொல்லவில்லை, பயத்தில் வந்துவிட்டது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் உங்கள் பிள்ளை அதை வைத்துக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார். “யம்மா, இன்னிக்கி டப்பா. நாளைக்கு உன்னையே எங்கியாச்சும் வெச்சிட்டு உன்னையே தேடப் போற பாரு.” நீங்களும் சிரித்தீர்கள். “வூட்டுக்குள்ள வெச்சத வூடே முழுங்கிடுச்சாடா?” என்றீர்கள். எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் நீங்கள் எதையும் வெளியே விடாமல் ஆனீர்கள். ஒரு டப்பா காலியானால் திறந்து பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, பிறகும் மனம் வராமல் அறையில் கொண்டுபோய் வைப்பது. ஒருநாள் குப்பை வண்டியை நிறுத்தி, நான் போட்ட பையை நீங்களே கிளறினீர்கள். வண்டிக்காரப் பெண் கத்தினாள்: “இன்னா ஆயா, குடுத்தத திருப்பிக் கேக்கற? இது இன்னா கடையா?” “கோவிச்சிக்காதம்மா, நெனப்பு தப்பிப் போச்சி எனக்கு” என்றீர்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றிருந்தேன். இறங்கி வந்திருக்கலாம். பத்தடிகூட இல்லை.

மறதிக்கென்று உங்களை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இன்று என்ன கிழமை, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று சொல்லிவிட்டு, “டப்பா வெச்ச எடம் மட்டும்தான் தெரியில டாக்டர்” என்றீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்குப் பாவம், என்னால எவ்ளோ தொல்ல” என்றீர்கள். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

போன ஆடியில், ஆஸ்பத்திரியில், கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாக நீங்கள் தெளிவாகப் பேசியதும் அதுதான். “கெடச்சா கொழந்தைக்குக் கட்டிவுடு கவி. நான்தான் எங்கியோ வெச்சிட்டேன்.”

இன்று சாயந்திரம் உங்கள் பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாடி, ஒவ்வொண்ணா தொறந்துன்னு இருக்க? அப்பிடியே அள்ளிப் போடுவியா, எங்கம்மா மாரியே ஆயிட்டியா?” அதைவிட, அடுத்துச் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. “பாவம், அம்மாவுக்குக் கடைசியில நெனப்பே இல்ல.” வருகிறவர்கள் எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறார். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது.

அது எரிந்துபோனது எனக்குத் தெரியும். இந்த நாலு வருஷத்தில் நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத டப்பா ஒன்றுகூட அந்த அறையில் இல்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் திறக்கிறேன். அன்று சாக்கில் போட்டதில் மஞ்சள் மூடி மூன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது, பச்சை மூடி ஞாபகத்தில் இல்லை. உங்கள் டப்பா என்ன நிறம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயம். பச்சையாக இருந்தால் நான் எரிக்கவில்லை. இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அப்படியானால் நாளை காலை என் கையாலேயே வண்டியில் ஏற்றிவிடுவேன். ஏற்றாமல் வைத்துக்கொண்டால் இவள் மூச்சு. படித்த படிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை அத்தை, இழுப்பு வரும்போதெல்லாம் ‘ஒரு ஒரசு’ என்கிற உங்கள் குரல்தான் கேட்கிறது.

மற்றதையெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டேன். துருவேறித் திறக்க முடியாத பச்சை மூடி டப்பா ஐந்தை மட்டும் என் புடவைகளுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்குத் தெரியாது.

உங்களுக்கு நினைவு தப்பவே இல்லை. நீங்கள் வைத்தது வைத்த இடத்தில்தான் இருந்தது, நான்தான் எடுத்தேன். மூடி பச்சையா, மஞ்சளா, அதை மட்டும் சொல்லுங்கள். ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும். சீக்கிரம் பதில் போடுங்கள் அத்தை.

கவி