உன் அண்ணனின் கையெழுத்து

என் மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பு ஏதோ ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. மாவு மில் வைத்திருப்பவர். சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர்த் தொட்டிவரை ஏறிப் பார்த்தார். கறாரான ஆள், எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த மாடிப்படி இனி என் மூட்டுக்கு ஆகாது. விற்றுவிட்டு உன் பக்கம் வந்துவிடுகிறேன் என்று போன மாதம் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

அவருடைய வக்கீல் காகிதம் கேட்டார். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரே பையில் கொண்டுபோய் வைத்தேன். முப்பது வருஷம் பூட்டும் கீலும் விற்றவன், காகிதத்தையா தொலைப்பேன்? எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, எல்லாம் சரிங்க, ஆனா வீடு உங்களுது இல்லையே என்றார். அம்மா பேரில் வாங்கியது. கடை படுத்தாலும் வீட்டில் எவனும் கைவைக்க முடியாது என்று அன்றைக்கு நான் செய்த கெட்டிக்காரத்தனம். அவள் போன பிறகு வீடு எனக்கு, உனக்கு, உன் அண்ணனுக்கு. மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் பதிவு ஆகாதாம்.

பையன் எங்கே என்றார். எட்டு வருஷமாகத் தெரியாது என்றேன். கூட வந்திருந்த வீட்டுத் தரகர் குறுக்கே புகுந்து, ஒரு கையெழுத்துதானேண்ணே, நானும் உங்க மகன் மாதிரிதான், நானே போட்டுடறேன் என்றார். மகனென்றால் முதலில் கமிஷனை விட்டுக்கொடு என்றேன். அதோடு சரி.

வக்கீல் வேறு வழி சொன்னார். ஏழு வருஷமாக வீட்டார் யாருக்கும் தகவல் இல்லையென்றால், ஆள் இறந்துபோனதாக வைத்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். நீயும் நானும் ஆளுக்கொரு தாளில் சத்தியம் செய்து தர வேண்டும். உன் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி சொல்வது உனக்குத் தெரியாது. அவன் என்னோடு சண்டை போட்டுப் போன அன்று சாயங்காலமே வாசல் பூட்டை மாற்றினேன். கடையில் இருந்ததிலேயே நல்ல பூட்டு. மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்திருக்கிறான். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரியில். எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்திருக்கிறார். பழைய சாவியைப் போட்டுப் பார்த்தானாம், துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தானாம். அரை மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டானாம். அம்மாவிடம் மூச்சுவிடாதீர்கள் என்று தையல்காரரிடம் நான்தான் சொன்னேன். கடைசிவரை அவள் வாசலைப் பார்த்தபடிதான் கிடந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆக, ஏழு வருஷம் ஆகவில்லை. ஐந்துதான். துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் தடவிப் புதுசென்று தள்ளியவன் நான், பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் என் தாளை எடுத்து வைத்து நாலு நாளாகிறது, பேனா ஓடவில்லை.

அவன் உன்னோடு பேசுகிறானா என்று கேட்க மாட்டேன். கேட்டால் இல்லை என்பாய். உனக்கும் தெரியாது என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் தாளில் உள்ள பொய் என்னோடு போகட்டும். தெரியும் என்றால் தாளை அப்படியே திருப்பி அனுப்பு, ஒரு வரியும் எழுத வேண்டாம். மில்காரருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பரணிலிருந்து பழைய பூட்டை எடுத்து மறுபடி வாசலில் பொருத்திவிட்டேன். எண்ணெய் விட்டேன், பழைய சாவி நன்றாகவே திரும்புகிறது.

எல்லோரும் நன்றாக இருங்கள். கையெழுத்தில்லாத தாள் வந்தால் போதும்மா.

அப்பா