என்னைச் சொல்லிப் படை கேட்காதே

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும், உன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படையினர் சங்கத்துக்குப் போயிருந்தேன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் அதே கூடம், உட்கார்ந்தால் பிளக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்று அங்கே நான் ஒருத்திதான் பெண். நீ வெளிநாட்டில் பேசிய பேச்சை யாரோ போனில் போட்டார்கள். இந்த அரசாங்கத்தை உள்ளே இருப்பவர்களால் அசைக்க முடியாது, வெளிநாட்டுப் படை வந்துதான் இறக்க வேண்டும், என் அம்மா தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று மேடையில் கண் கலங்குகிறாய், கீழே கோட்டு போட்டவர்கள் கை தட்டுகிறார்கள். நான் எங்கேயடி செத்துக்கொண்டிருக்கிறேன், அன்று காலையில்தான் ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்தேன். போரில் கால் போன தையல்காரர், "உங்க பொண்ணை அந்தப் படையோட முதல் லாரியில ஏறி வரச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன்ட் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து நாட்டு அதிபரை இறக்க நம் படை போனபோது அவரும் போனவர். "அந்த ஊர் ஜனங்க பூ போட்டுத்தான் கூப்பிட்டாங்க. அவனை ஒரே வாரத்துல துரத்திட்டோம். அப்புறம் ஊருக்குத் தண்ணி விடுற பம்பை ஓட்ட ஆளில்ல, ஓட்டினவங்களைப் பழைய ஆட்சி ஆளுங்கன்னு நாங்களே விரட்டியிருந்தோம். தண்ணி கேட்டு வந்த கூட்டத்தைக் கடைசியில சுட்டோம்" என்றார். அந்தக் கூட்டத்தில் அடிபட்டவர்கள், நம் படையோடு அங்கே போயிருந்த என் வார்டுக்குத்தான் வந்தார்கள். உயிர் போன பிறகும் குடத்தை விடாத ஒருத்தியின் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்தக் கையோடு சொல்கிறேன், என்னைக் காட்டி எவனிடமும் குண்டு கேட்காதே.

இந்த அரசாங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. மறுநாளே அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, மகள் துரோகி என்று டிவியில் பேசச் சொன்னார்கள். "என் பொண்ணைத் திட்ட எனக்கு உங்க மைக் வேண்டாம். உங்களை இறக்க எவன் குண்டும் வேண்டாம், அதை நாங்களே பாத்துக்கறோம்" என்று சொல்லி வாசலைக் காட்டினேன். சாயங்காலமே தம்பியின் கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள், ஊரார் ரிப்பேருக்குக் கொடுத்த ஃபேன், மிக்சி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. "நீங்க ரெண்டு பேரும் வீரம் பேசுங்க, நான் தெருவுல நிக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை, உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

நாளைக் காலை நானும் சங்கத்தார் எல்லோரும் போய், கடைக்கு வைத்த சீலை உடைக்கப் போகிறோம். பிடித்துக்கொண்டு போவார்கள், தெரியும், மாற்றுப்புடவையும் பிரஷர் மாத்திரையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். இது தெரிந்ததும் அடுத்த மேடைக்கு ஓடாதே. முதலில் தம்பிக்குப் போன் போடு. கண்டபடி திட்டுவான், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். அவன் சொல்லி முடித்த பிறகு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் புத்தியோடும் இரு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா