கடைக் கதவில் எழுதிய ‘நாங்கள்’

அன்பு மகள் அராசெலிக்கு,

மாட்ரிட்டில் குளிர் தணிந்திருக்கும், உன் இருமலும் அதோடு விலகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், ‘நாங்கள்’ என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் மறுபடி ஏறி, மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். உப்பில்லாத மரவள்ளியைத் திட்டிக்கொண்டே தின்கிறாள். கூடத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது. ஓடு மாற்றுகிறவன் வர மறுக்கிறான், ஏனென்றால் நம் வாசலுக்கு வரவேண்டுமானால் வல்திரின் பஞ்சர் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும், அந்தக் கடைப்பக்கம் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிறான். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே பிரேசிலிலிருந்து எல்லை தாண்டிப் பராகுவேக்கு வந்து எதிர்வீட்டில் குடியேறியவன், உன் சைக்கிளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்தவன், அந்த வல்திரைத்தான் சொல்கிறேன். தொலைபேசியில் என்னைப் பேசி முடிக்க நீ விடவில்லை. ஆகவே எழுதுகிறேன், முடித்ததும் அம்மா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

உன் மாட்ரிட் அலுவலகம் பேச்சு எழுதிக் கொடுக்கிற லாரெயாவின் பொதுக்கூட்டத்துக்கு எங்களைப் போகச் சொன்னது நீதான். அம்மா, போய்க் கேளுங்க, கடைசிப் பகுதி நான் எழுதினது என்று நீ செய்தி அனுப்பியதும் அவள் காது வளையத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆளுநர் பதவிக்கு நிற்கிற அந்த மனிதர் அரைமணி நேரம் ஸ்பானியத்தில் சாலை, மருத்துவமனை, உர விலை என்று பேசினார், கூட்டம் தெரேரே மூலிகைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டும் சிப்பா ரொட்டி விற்கிறவளிடம் பேரம் பேசிக்கொண்டும் இருந்தது. பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார், நம் குவாரானி மொழிக்கு மாறினார், ஆரவாரம் எழுந்தது. நாம இந்த மண்ணைக் கிளறினோம், நாம பசியோட படுத்தோம், நாம பெத்த பிள்ளைங்களை நாமே பஸ் ஏத்தி அனுப்பினோம் என்றார். எங்கள் பக்கத்தில் நின்ற வல்திரும் கை தட்டினான், அவனும்தானே கிளறினான், அவனும்தானே படுத்தான். அப்புறம் லாரெயா, தற்செயலாகவோ என்னவோ, பஞ்சர் கடை இருக்கும் பக்கமாகத் திரும்பி, எல்லை தாண்டி வந்தவங்களே, உங்களுக்கு நாங்க வாசலைத் திறந்தோம், நாங்க இடம் கொடுத்தோம், இனிமே நாங்க முடிவு பண்ணுவோம் என்றார். வல்திரின் கைகள் பாதியில் நின்றன. பின்னாலிருந்து ஒருவன், என்ன வல்திர், தட்டுறதை நிறுத்திட்ட, அந்த ‘நாங்க’ உனக்குப் புரிஞ்சிடுச்சா என்று கத்த, சுற்றிலும் சிரிப்பு. குவாரானி சரியாகப் பிடிபடாத அவன் மனைவி நெய்டி, என்னங்க சொன்னாரு, ஏன் எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க என்று அவன் சட்டையை இழுத்தாள். ஒண்ணுமில்ல, பஞ்சர் ஒட்டுறவனைப் பத்தி ஏதோ தமாஷ், வா போலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான். உன் அம்மா காது வளையத்தைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் சட்டம் படித்தவன், வழக்காடிப் பிழைப்பவன், பேச்சின் வேலைப்பாடு எனக்குத் தெரியும். உன் வேலைப்பாட்டில் குறையே இல்லை, முழு மதிப்பெண் போடலாம். கேட்பவனின் கையை மூன்று முறை ‘நாம்’ சொல்லித் தயார் செய்து, அந்தக் கையை யார்மேல் ஓங்குவது என்பதை நான்காவது வாக்கியத்தில் காட்டியிருக்கிறாய். வாதம் என்று ஒன்று இருந்தால் மறுவாதம் வைக்கலாம். நீ ஓர் எழுத்துக்கூட வாதிடவில்லை, வெறுமனே ‘நாம்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றினாய். தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: அப்பா, ஆபீஸ்ல ஸ்பானியத்துல எழுதிக் கொடுத்தாங்க, அதுல நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்லுதான், ஏதாவது ஒண்ணை நான் போட்டுத்தானே ஆகணும். ஆம் மகளே, போட்டுத்தான் ஆகவேண்டும். யாரை வெளியே நிறுத்துவது என்று அந்த ஸ்பானியத் தாளுக்குத் தெரியாது. லாரெயாவுக்கும் தெரியாது, அவர் நம் ஊருக்கு வந்ததே அன்றுதான். உனக்குத் தெரியும். நம் தெருவில் எந்த வாசல் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்தபோது வல்திரின் கடைக் கதவில் சிவப்புச் சாயத்தில் ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் மட்டும். நான் காவல் அதிகாரியிடம் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வக்கீலய்யா, இதுல வசவு எங்க இருக்கு, மிரட்டல் எங்க இருக்கு, ‘நாங்க’ன்னு எழுதுறது எந்தப் பிரிவுல குத்தம், நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன், அப்படியொரு பிரிவு இல்லை. இப்போது ஊர் அடங்கிக் கிடக்கிற மதிய உறக்க நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன, மெதுவாக, நாங்க, நாங்க என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டு. அம்மா கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறாள், நான் சன்னலுக்கு ஓரமாக நிற்கிறேன், எதிரே இருப்பவர்கள் மூச்சுக்கூட விடுவதில்லை என்று தோன்றும். புதன்கிழமை கடைவாசலில் ஒரு பழைய டயரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நானும் வல்திரும் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். உள்ளே கூரைவரை டயர் அடுக்கியிருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் அவன் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒரு தீக்குச்சி போதும். கொஞ்ச நாள் எங்காவது போய் இருந்துவிட்டு வா என்று கெஞ்சினேன். எங்க போறது வக்கீலய்யா, பிரேசிலுக்குப் போனா என்னைப் பராகுவேக்காரன்னுதான் சொல்லுவாங்க என்று சிரித்தான்.

நேற்று பொர்ஃபிரியோ மாமா கழுத்தில் கட்சித் துணியோடு வந்தார். மச்சான், தேர்தல்ல இதெல்லாம் இல்லாமலா, ஞாயித்துக்கிழமை கடைசிக் கூட்டமும் இங்கதான், மேடையைப் பஞ்சர் கடைக்கு நேரா போடச் சொல்லிட்டாங்க, நம்ம பொண்ணு இன்னும் சூடா எழுதித் தர்றாளாமே என்று என் தோளைத் தட்டினார். அக்காவிடமும் ஒரு பாராட்டை எதிர்பார்த்தார். உன் அம்மா, பொர்ஃபிரியோ, தெரேரே குடிச்சாச்சுன்னா கிளம்பு என்றாள், அவ்வளவுதான்.

நீ எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான் என்று சொல்லாதே. உன் அலுவலகத்தில் குவாரானி அறிந்தவள் நீ ஒருத்திதான். ஆனால் எழுத மறுத்துவிடு என்றும் நான் கேட்கவில்லை, ஏனென்றால் புதிதாக ஒன்று கையில் இல்லாவிட்டால் அந்த மனிதர் போன கூட்டத்தில் பேசியதையே ஒப்பிப்பார். ஆகவே எழுது. உன் வாழ்நாளில் இதைவிட மோசமாக ஒன்றை எழுதியதில்லை என்னும்படி எழுது. சாலையைப் பற்றி எழுது, வடிகாலைப் பற்றி எழுது, உர மூட்டை எந்த மாதம் வரும் என்று எழுது, வாக்கியம் ஒவ்வொன்றும் முடியாமல் இழுத்துக்கொண்டு போகட்டும், கூட்டம் கொட்டாவி விட்டு, மரவள்ளி வேக வைக்க நேரமாகிவிட்டதென்று பாதியிலேயே வீட்டுக்குப் போகட்டும். அதனால் உன் வேலை போனால் போகட்டும்; நீ அனுப்பும் பணத்தில் மாற்றவிருந்த கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பயம்தான் பெரிது, மகளே.

நல்ல சாப்பாடாகச் சாப்பிடு, இருமல் திரும்பினால் மருத்துவரைப் பார். கன்னி மாதா உன்னைக் காக்கட்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, கோபத்திலும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிறு மாலை வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க ஆள் இருக்காது. அம்மாவும் நானும் ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்கொண்டு வல்திரின் கடைவாசலில், அவன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

உன் அப்பா,
எலிகியோ பெனேகாஸ்