நான் தைக்க வைத்திருந்த போர்வைகள்

எல்ம் ஃபோர்க், நெப்ராஸ்கா
மே மாதம், ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள லோர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். இந்த வாரம் இதை ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் உனக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அங்கே சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் ஜன்னலைத் திறந்துவைக்கும்போது நியூசிலாந்தில் நீ கம்பளியை வெளியே எடுக்கிறாய், இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இடுப்பு பரவாயில்லை, கைத்தடி ஊன்றிக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்கும் நானே போய் வருகிறேன். மாடிப்படி மட்டும் ஏறக் கூடாதாம். உன் தம்பி டேல் சோளம் விதைத்து முடித்துவிட்டான், ஒரு நல்ல மழை பெய்தால் போதும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறான். உன் கூரை ஒழுகுவதைச் சரிசெய்தாயா இல்லையா என்று போன கடிதத்தில் நீ எழுதவே இல்லை, வாளி வைத்துச் சமாளிக்கிறாய் என்று நினைக்கிறேன், அப்படியே உன் அப்பா மாதிரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்த விஷயத்தை போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒமாஹாவுக்கு பெர்னிஸ் சித்தி வீட்டுக்குப் போனதும் உனக்குத் தெரியும். அங்கே இருந்த அத்தனை நாளும் எனக்கு ஒரே நினைப்பு, வீட்டுக்கு வர வேண்டும், சமையலறைக்குப் பின்னால் என் தையலறைக்குள் போக வேண்டும். படுக்கையில் கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் வரும். உன் அப்பா அடித்துக் கொடுத்த தக்கைப் பலகை, அதில் இனிமேல் தைக்கப்போகிற ஒவ்வொரு துண்டுத்துணிப் போர்வைக்கும் ஒரு அட்டை, அட்டையோடு குண்டூசியில் குத்திய ஒரு துணித்துண்டு, கீழே அலமாரியில் அந்தப் போர்வைக்கென்று சேர்த்துவைத்த துணிகள் ஒரு பெட்டியில். ஒன்றைத் தைத்து முடித்தால் இரண்டு அட்டை சேர்ப்பேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் தெச்சு முடிக்கணும்னா நீ நூத்தம்பது வயசு இருக்கணும்டி” என்பார். “அதுக்குத்தான எழுதி வெக்கறேன்” என்பேன். அவர் போன பிறகும் அந்தச் சுவர் இருந்தது. காலையில் காபியோடு போய் அதன் முன்னால் நின்று இன்றைக்கு எதைப் பற்றி யோசிக்கலாம் என்று பார்ப்பேன். தைப்பதுகூட இல்லை, யோசிப்பதுதான். புயலுக்கு முன்னால் நம் வானம் ஒரு பச்சை நிறமாகுமே, அந்தப் பச்சையில் ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகத் துணி தேடிக்கொண்டிருந்தேன் தெரியுமா, எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, கிடைக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை டேல் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் பார்த்தால் நம் சர்ச் தையல் குழுவின் கார்கள் எல்லாம் நிற்கின்றன. நான் ஏதோ சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டேல் கதவைத் திறந்தான், குழுவை நடத்துகிற ஜோலின் முன்னால் நின்று “வந்துட்டா!” என்று கத்தினாள், எல்லோரும் கை தட்டினார்கள். லோர்னா, வீடு முழுக்கப் போர்வை. சோபா மேல், படிக்கட்டுக் கைப்பிடி மேல், சாப்பாட்டு மேஜை மேல், ஜன்னல் கம்பியில், பியானோ மேல். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு டேலுக்கென்று நான் எழுதிவைத்த நட்சத்திரப் போர்வையைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு அட்டையில் நான் குத்திவைத்திருந்த சிவப்பு வெள்ளைப் போர்வை. அதற்குப் பக்கத்தில் புயல் வானம். அதற்கு இவர்களே ஊர்க் கடையில் துணி வாங்கியிருக்கிறார்கள். பட்டாணிப் பச்சை! நான் இல்லாத மூன்று மாதத்தில் என் சுவரில் இருந்த அத்தனை அட்டையையும் பிரித்து எடுத்துக்கொண்டு, பெட்டிகளைப் பங்குபோட்டு, மொத்தத்தையும் தைத்து முடித்துவிட்டார்கள். ஒன்று விடவில்லை.

டேல் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜோலின் “சந்தோஷத்துல பேச்சே வரல பாரு அவளுக்கு” என்று சொல்லி என் கையில் காபியைக் கொடுத்தாள். நான் யாரோ என் மடியில் விரித்த போர்வையைத் தடவிக்கொண்டிருந்தேன். அது உன்னுடையது. பறக்கும் வாத்துகள், முக்கோணத் துண்டுகளை வாத்துக் கூட்டம் போல ஒரே பக்கம் பார்க்க வைத்துத் தைக்கிற அந்த வடிவம். நீ அங்கே குடிபோன அந்த வருஷம் நான் முதலாவதாகக் குத்திய அட்டை, அன்றிலிருந்து பலகையின் உச்சியிலேயே இருந்தது, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் “என் போர்வை எங்கம்மா?” என்று நீ கேட்பாயே, அதுதான். அழகாகத்தான் தைத்திருக்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன், என்னைவிட நன்றாகவே. நான் பழக்கத்தில் மூலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். எங்கள் குழுவில் சீட்டு எழுதுகிற ஓப்பலின் கையெழுத்தில் ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தது. “மாவிஸ் தொடங்கியது, தோழிகள் முடித்தது.”

உனக்கு அது என்னவென்று தெரியும். உயிரோடு இருப்பவள் தைத்தால் பின்னால் பேரும் வருஷமும் மட்டும்தான். அந்த வாக்கியத்தை எங்கள் குழுவில் ஒரே ஒரு சமயத்தில்தான் போடுவோம், ஒருத்தி செத்துப்போய் அவள் விட்டுப்போன பெட்டிகளை நாங்கள் பங்குபோட்டு முடித்து அவள் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது. போன இலையுதிர் காலத்தில் ஆர்லீன் போனபோது அவளுடைய நாலு போர்வைக்கு அதே சீட்டை நானே என் கையால் தைத்தேன். இப்போது என் பேரைப் போட்டு என் மடியில் வைத்திருக்கிறார்கள். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே. “நான் செத்துட்டேனா? யாராவது எனக்கும் சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால். பாவம் ஓப்பல், எண்பது வயதுக்காரி, சாஸரை நழுவவிட்டாள். பத்து நிமிஷத்தில் வாசலில் ஒரு கார்கூட இல்லை. அவர்கள் சுட்டுக்கொண்டுவந்த ருபார்ப் இனிப்பு அப்பத்தை யாரும் வெட்டக்கூட இல்லை.

தையலறைக்குப் போனேன். சுவரில் குண்டூசி ஓட்டைகள் மட்டும்தான். அலமாரி காலி, தூசிகூடத் துடைத்துவைத்திருக்கிறார்கள். டேல் பின்னாலேயே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “என்னடா, உனக்குத் தெரியுமா இது?” என்றேன். அப்போதுதான் அடுத்த இடி. டாக்டர் பெர்னிஸிடம் சொன்னாராம், இந்த இடுப்போடு நான் இனிமேல் தையல் மெஷினில் உட்கார முடியாது என்று. பெர்னிஸ் டேலிடம் சொன்னாளாம், டேல் ஜோலினிடம் சொன்னானாம். என் இடுப்பு, லோர்னா, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர! “நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னுதான்மா” என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கைத்தடியை ஓங்கிவிட்டேன், பிறகு அதை ஊன்றாமல் நிற்க முடியாது என்பதால் இறக்கினேன். உனக்கும் தெரியுமா இது? தெரிந்திருந்தால் பதில் கடிதத்தில் உண்மையை எழுது, திட்ட மாட்டேன். திட்டுவேன், ஆனால் எழுது.

அன்று ராத்திரி முழுக்க, தைக்க ஒன்றுமே இல்லாத வீட்டில் படுத்திருந்தேன். பயமாக இருந்தது, அதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. விழுந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. காலையில் காபியை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றேன், அங்கே ஒன்றும் இல்லை. காபி ஆறும்வரை நின்றேன். அப்புறம் போய் மெஷினில் உட்கார்ந்தேன். வலது கால் மிதிக்க வரவில்லை, டாக்டர் சொன்னது நிஜம்தான். மிதியை நகர்த்தி இடது காலை வைத்து ஓட்டினேன். தையல் குடிகாரன் நடந்த மாதிரி போயிற்று. ஆனால் போயிற்று.

உடனே உன் போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து, முதலில் அந்தச் சீட்டைப் பிரித்தேன். பிறகு ஓரத்தை. பிறகு வாத்துகளை ஒவ்வொன்றாக. வியாழக்கிழமை ஜோலின் ஒரு பாத்திரம் கேசரோல் சாப்பாட்டோடு சமாதானம் பேச வந்தபோது என்னைச் சுற்றித் தரையெல்லாம் முக்கோணத் துணிகள். “அய்யோ மாவிஸ், என்னடி பண்றே! என் கை நரம்பெல்லாம் அதுலதான்டி இருக்கு!” என்று அலறினாள். நான் அந்தச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. “ஓப்பல் எப்பவும் போடறதப் போட்டுட்டா, நாங்க ஒருத்திகூடப் படிச்சுப் பாக்கலடி” என்றாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “நீ இனிமே தெக்க மாட்டேன்னு சொன்னாங்க. எங்களுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு, ஊரையே மிரட்டுகிற ஜோலின், கேசரோலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். பிறகு எதிரில் உட்கார்ந்து, “இன்னொரு கத்தி இருக்கா?” என்றாள். சாயங்காலம்வரை இரண்டு பேரும் பிரித்தோம். போகும்போது, “நான் தெக்கறதுக்கு எழுதி வெச்சிருக்கற பட்டியல இன்னிக்கே பூட்டி வெக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓப்பலை நாளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றப் போர்வைகள் இருக்கட்டும், நட்சத்திரம் டேலுக்குப் போய்விட்டது. பட்டாணிப் பச்சை அவன் நாய்க்கு.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் அவர் துணை இருக்கட்டும். கூரைக்கு ஆள் கூப்பிடு, வாளியை நம்பாதே. உன் போர்வையைப் பற்றி ஒன்று. உன் வாத்துகள் இப்போது அத்தனையும் தனித்தனியாகப் பெட்டிக்குள் இருக்கின்றன, சுவரில் ஒரே ஒரு அட்டை, அதில் உன் பேர். வாத்துகள் உன் பக்கம் போகிற மாதிரி வைப்பதா, என் பக்கம் திரும்பி வருகிற மாதிரி வைப்பதா என்று என்னால் எப்போதுமே முடிவுக்கு வர முடிந்ததில்லை, இவர்கள் யோசிக்காமல் போகிற மாதிரி வைத்துவிட்டார்கள். நான் இன்னும் யோசிக்க வேண்டும், அதற்கு நாளாகும். அவசரப்படுத்தாதே. அங்கே குளிராக இருந்தால் கடையில் ஒன்று வாங்கிக்கொள்.

என்றும் உன் அன்பு அம்மா,
மாவிஸ்