ராக்கெட்டில் ஏற்றிய தராசு

பாப்பா, இன்றைக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் முறை வந்தது. சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன், முள் ஆடி நின்றது. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. காலையில் மலை ஏறியதிலிருந்து அதுவரைக்கும் உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. காய்ச்சலில் போய்ச்சேர்ந்த உன்னைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து இரண்டு வருசமாகப் போகிறது. இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு, வெள்ளைச் சட்டையோடு நேரே மடுவத்துக்குத்தான் வருவாய். ஒருநாள் அந்தத் தராசைக் காட்டினாய்.

"அம்மா, இத ராக்கெட்ல ஏத்தி, பூமி நடுவுல இருந்து ரெண்டு மடங்கு தூரத்துல நிப்பாட்டி நிறுத்தா, ஒன்னோட இருபது கிலோ அஞ்சு கிலோதான் காட்டும்."

"ரெண்டு மடங்குன்னா பாதி, பத்துல்லடி?"

"பாதி இல்லம்மா, கால்வாசி. தூரம் போகப் போக பூமியோட இழுப்பு அப்படித்தான் கொறையும்."

"அடி ஆத்தி! அப்ப அங்க அரைப்பேருகூட விழாதே!"

அரைநாள் சம்பளத்துக்கும் வழியில்லை என்று வரிசையே சிரித்தது. நான்தான் விடாமல் கேட்டேன்.

"இன்னும் தூரம் போனா? ஒண்ணுமே இல்லாமப் போயிருமா?"

நீ வாயைத் திறந்தாய். அதற்குள் கணக்குப்பிள்ளை கத்தினார். "ஏ தங்கச்சி, கதைய லயத்து வீட்டுல போயி வச்சிக்க. ஈரக்கொழுந்து, ரெண்டு கிலோ வெட்டு!"

"மழையே இல்லியே ஐயா, ஈரம் எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் பக்கம் திரும்பிவிட்டேன். பின்னால் நீ ஏதோ சொன்னாய். காதில் விழவில்லை. வீடு வரைக்கும் அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். உன்னைத் திரும்பக் கேட்கவில்லை.

இன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் விஞ்ஞானக் கொப்பியை எடுத்துப் பிரித்தேன். உருண்டையாகப் பூமி, தள்ளி ஒரு ராக்கெட். கீழே எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது புரியவில்லை. உன் டீச்சரிடம் கேட்கலாம். பயமாக இருக்கிறது. "ஆமா, இல்லாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டால்?

உன் சட்டையில் இப்போது தகரப் பெட்டியின் மணம்தான் அடிக்கிறது. உன் குரலில் மிச்சம் இருப்பது அந்தத் தராசடிப் பேச்சு மட்டும்தான். அதைத்தான் தினமும் மலைக்குத் தூக்கிப் போனேன். இன்றைக்கு அதையும் மறந்து போனேன்.

நான் திரும்பி நின்றபோது என்ன சொன்னாய், பாப்பா? இன்னும் தூரம் போனா? ஒண்ணுமே இல்லாமப் போயிருமா?