கிளாக்கரய்யாவுக்கு உத்தரவு போட ஆளில்லை

என் செல்ல மாப்பிள்ளை செல்வாவுக்கு,

நீ காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு நேற்றுத்தான் மறுபடி பதுளை டவுனுக்கு, கம்ப்யூட்டரில் நம் துப்பாக்கி ஆட்டம் விளையாடப் போனோம். வாரம் முழுக்கத் தேயிலை கவ்வாத்து வெட்டிய கை, மவுஸைப் பிடிக்கவே மறுக்கிறது. போக மனமில்லாமல்தான் கிடந்தேன். உன் அக்காதான், "போயிட்டு வாங்க, அவன் இருந்தா இழுத்துக்கிட்டுப் போயிருப்பான்" என்று துரத்திவிட்டாள்.

அதே நெட் கஃபே. கடைக்கார ருவன், நம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யா, நான். எதிரணியில் கொழும்பில் எங்கோ உட்கார்ந்திருக்கும் பையன்கள். யார் முன்னால் ஓடுவது, யார் மறைந்து நின்று சுடுவது என்று கத்துவதற்கு நீதான் இல்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

உனக்கு அது எப்படி வந்தது, மாப்பிள்ளை? யாழ்ப்பாணத்துக் கிளாக்கரிடம் மரியாதையாக ஒரு அதட்டல், ருவனிடம் சிங்களத்தில் ஒரு கெஞ்சல், எனக்கு மட்டும் கெட்ட வார்த்தை. மூன்று பேரும் கேட்டோமே! நானோ, யாருடைய ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நிற்கிறேனோ அவருக்கே உத்தரவு போடவேண்டும். "ஐயா, கொஞ்சம் பின்னால பாத்துக்கிறீங்களாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவரைச் சுட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டமும் அப்படியே போனது.

ருவன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தான். "செல்வா இல்லாம வேணாம் மச்சான். விட்டுருவோம்."

எனக்கும் அலுத்துவிட்டது. நீ சேர்த்த கூட்டம் உன்னோடு முடிந்துபோகட்டும் என்றுகூட நினைத்தேன்.

கிளாக்கரய்யாதான் எழும்பவில்லை. "ரவி, இஞ்ச நான் கிளாக்கர் இல்லை. செல்வா என்னைக் கிருபா எண்டுதான் கூப்பிட்டவன். நீரும் அப்பிடியே கூப்பிடும்" என்றார்.

நாக்கு புரண்டால்தானே? ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தபோது, என்னையறியாமல் கத்திவிட்டேன்: "கிருபா, குனி!" குனிந்தார். ருவன் அவனைச் சுட்டான். அந்த ஆட்டத்திலும் தோற்றோம்தான். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இன்று காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் ஆபீசுக்குப் போக அந்த வழியாக வந்தார். பழக்கதோஷம், "ஐயா" என்று ஒதுங்கினேன். அவர் கங்காணியையும் மற்றவர்களையும் வைத்துக்கொண்டே நின்று கேட்டார்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு வரவேணும், ரவி?"

களைத்துப்போயிருக்கிறேன், மாப்பிள்ளை. உன்னைப் போல எனக்குக் கத்த வராது. ஆனால் இந்த இரண்டு பேரையும் பிரிய விடமாட்டேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்காவைக் கட்டியதால் உன்னையும் பெற்றுக்கொண்ட,
மச்சான் ரவி